இரண்டாவது ஸ்லாட்

மார்ச் 3, ஞாயிறு

பெண்கள் நூறு மீட்டர் ஓட்டம், அரையிறுதி. துப்பாக்கி வெடித்ததிலிருந்து பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது கேமரா நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு மட்டும் மினுக் மினுக். முன்னால் ஓடியவள் ஜெயித்த அந்த நொடியில் என் கேமரா அதுவரை எடுத்ததை நிதானமாக மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

விளையாட்டுப் பக்க ஆசிரியர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அடுத்த ஞாயிறு ஃபைனல். அதையும் விட்டுட்டீங்கன்னா, உங்கள நிரந்தரமாக்கச் சொல்லி நான் எந்த முகத்தோட போய்க் கேக்கறது?" என்றார்.

மார்ச் 4, திங்கள்

புது கார்டு வாங்கினேன். முகப்பில் கொட்டை எழுத்தில் வேகம்: நொடிக்கு 280 எம்.பி. முன்பு போட்டிருந்ததில் 170தான். இனிக் கவலையில்லை.

மார்ச் 5, செவ்வாய்

கவலை இருக்கிறது. மொட்டைமாடியில் நின்று, தெருவில் போகிற வண்டிகளை எடுத்துப் பார்த்தேன். அதே சிவப்பு விளக்கு. கேமராவே சரியில்லை என்று வீட்டுக்குள் புலம்பிக்கொண்டு திரிந்தேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்றாள் மனைவி. விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

"பஸ் ஓட்டறவளுக்கு கேமராவப் பத்தி என்ன தெரியும்?"

காலை ஷிஃப்டுக்குச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

அறுபது பேரை ஏற்றிக்கொண்டு ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறவள். அவளைப் பார்த்து நான் — சீ. என்ன வாய் இது.

மார்ச் 7, வியாழன்

மன்னிப்புக் கேட்டேன். "அது கெடக்கட்டும். கார்டு வந்த அட்டைய எடுங்க" என்றாள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, பொடி எழுத்து முழுவதையும் படித்தாள். அந்த 280, கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படம் போகிற வேகமாம். கேமரா விடாமல் எழுதும்போது இதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்று கார்டு தரும் வாக்குறுதி, ஓரத்தில் 'வி' எழுத்தை ஒட்டிச் சின்னதாக இருக்கிறது: 60. பன்னிரண்டு வருஷமாகப் படம் எடுக்கிறேன், பெரிய எண்ணைப் பார்த்தே கார்டு வாங்கியிருக்கிறேன்.

"அப்ப இது நல்ல கார்டுதான். பின்ன ஏன் நிக்குது?" கேமராவின் பக்கவாட்டு மூடியைத் திறந்தாள். "ஏங்க, இதுல ரெண்டு கார்டு இருக்கே?"

இரண்டாவது ஸ்லாட்டில் செருகியிருப்பது காப்புக்கு என்றேன். ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதியும். ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும். என் முதல் கேமராவோடு வாங்கிய ராசியான கார்டு. அதில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் 10. அந்தக் கார்டின் வாக்குறுதி அவ்வளவுதான்.

சிரித்தாள். "முன்னாடி போற வண்டி ஊர்ந்துக்கிட்டுப் போனா, பின்னாடி என் வண்டி எவ்வளவு வேகமா ஓடும்ங்கறது யாருக்கு வேணும்?"

போனில் கடிகாரம் வைத்துக்கொண்டு, தொடர்ந்து படம் எடுக்கும்படி என்னிடம் சொன்னாள். இரண்டு கார்டோடும்: விளக்கு அணைய முப்பத்தெட்டு விநாடி. ராசியானதை எடுத்துவிட்டு: ஆறு.

ஆறு! அப்படியே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தெரியாத ஒன்றின் முன்னால் கூச்சமே இல்லாமல் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படிக்க இவளுக்கு எப்படி முடிகிறது? தெரிந்த மாதிரி நடித்தே நான் பாதி ஆயுளைக் கழித்துவிட்டேன்.

மார்ச் 9, சனி

காப்புக்கும் அதே வேகத்தில் இன்னொரு கார்டு. பரிசோதித்தாயிற்று. ஏழு விநாடி.

மார்ச் 10, ஞாயிறு

கிடைத்தது. கழுத்தை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு காலும் தரையில் படாமல் அந்த ஓட்டக்காரி கோட்டைக் கடக்கிற படம். அதற்குப் பிறகும் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. விரலை எடுத்தது நான்தான்.

மார்ச் 13, புதன்

நிரந்தரம். கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் கேட்டார்: "கேமராவ மாத்திட்டீங்களா?"

"இல்ல சார். பஸ் ஓட்டறவங்ககிட்ட கேட்டேன்."

அவருக்குப் புரியவில்லை.

சாயங்காலம் அவளுடைய பேருந்து வரும் நிறுத்தத்தில் நின்றேன். புது கார்டுகளை எடுத்துவிட்டு ராசியானதை மட்டும் போட்டிருந்தேன். பேருந்து வந்து நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் அவள், என்னைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஒரே ஒரு படம். அதற்கு அந்தப் பத்து போதும்.