கைப்பிடிக்குக் கறுப்புப் பெயிண்ட்

அருப்புக்கோட்டை
12-3-48

அன்பு மகள் கஸ்தூரிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது. நான் நல்ல சுகமாக இருக்கிறேன். இதை வாய்ப்பழக்கத்தில் எழுதவில்லை, ஏன் என்று படிக்கப் படிக்கத் தெரியும். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது, காற்று இப்போதே கரிசல் புழுதியை அள்ளி வந்து சோற்றில் போடுகிறது. நீ வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக்கொள், பட்டணத்து வெயிலில் அலையாதே.

விஷயம் நம் கார். யுத்தம் முடிந்து அப்பா ஏலத்தில் எடுத்து வந்த நாளிலிருந்து கதவுக் கைப்பிடியும் விளக்கு வளையமும் பளபளப்பு உரிந்து துருப்பிடித்துக் கிடந்தன, யாரும் கவலைப்படவில்லை. போன வாரம் திடீரென்று உன் சித்தப்பா சின்னத்துரை கைப்பிடிகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தார். பம்பர், ஜன்னலைச் சுற்றி ஓடும் பட்டை எதையும் விடவில்லை. "என்ன தம்பி, தேருக்கா சோடிக்கிறீக?" என்று கேட்டேன். "துரு ஏறுது மதினி, வேற என்ன" என்றார், தலையை நிமிர்த்தவில்லை. வாய் ஓயாத மனுஷன் அவ்வளவோடு நிறுத்தினதே எனக்குச் சரியாகப் படவில்லை. மறுநாள் மல்லாங்கிணறு போய் வந்தார், கேட்டால் பெயிண்ட் வாங்கவாம். டப்பாவில் நம் பஜார் கடைச் சீட்டு ஒட்டியிருந்தது. அன்று சாயங்காலம் என் டிரங்குப் பெட்டி மூடியில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் அடையாளம். திறந்து பார்த்தால் உனக்கென்று வைத்திருக்கிற ரெட்டைவடச் சங்கிலி இருந்தது, சுற்றின துணிதான் வேறாக இருந்தது.

பெயிண்ட் காய்வதற்குள் புழுதி ஒட்டிக் கைப்பிடியெல்லாம் சொறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அதனால் என் பழைய சேலைகளை வாங்கி நனைத்துக் கார் நிற்கும் கொட்டகையைச் சுற்றிக் கட்டினார்கள், புழுதி ஈரத்தில் நின்றுவிடுமாம். காயக் காயத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. நேற்றும் குடத்தோடு போனேன். சேலைக்கு அந்தப் பக்கம் அப்பா குரல். "ஏலே, இடது பக்கத்துக் கைப்பிடிய இன்னொரு தடவ அடி. மாப்பிள்ளையோட அம்மா அந்தப் பக்கந்தான் ஏறுவாக." "புள்ள வரணுமேண்ணே" என்றார் சித்தப்பா. "அம்மாவுக்கு ஒடம்பு முடியலன்னு தந்தி குடுத்தா ஓடி வந்துரும். பத்திரிகை அடிச்ச பெறகு என்ன சொல்லப்போகுது? பட்டணத்து வேலைய விட்டுரணும்னு மாப்பிள்ள வீட்டுல மொதல்லயே சொல்லிட்டாக." குடத்துத் தண்ணீரெல்லாம் என் காலில்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். சித்தப்பா சங்கிலியை எடுத்துக்கொண்டு மல்லாங்கிணறு போனது மாப்பிள்ளை வீட்டில் காட்டத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா என் முகத்தையே பார்த்து, "கண்ணு உள்ள போய்க் கெடக்கே, ஒடம்புக்கு என்ன?" என்றார். நான் ரெண்டு கும்பா கம்மங்கூழ் குடித்துக் காண்பித்தேன்.

கல்யாணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உன்னைக் கேட்டு நடக்கட்டும். நம் வீட்டில் முதன்முதல் பி.ஏ. படித்தவள் நீ, ஆனாலும் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் வாய் திறக்கமாட்டாய். இங்கே வந்து நின்றால் தலையைக் குனிந்துகொள்வாய், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால் வராதே. உன் மனதில் இருப்பதை அங்கிருந்தே அப்பாவுக்கு எழுது, எழுத்தில் உனக்குக் கூச்சமில்லை. நான் சொன்னதாக மட்டும் காட்டிக்கொள்ளாதே. நம் தபால்காரர் சித்தப்பாவோடு வெற்றிலை போடுகிறவர், ஆகவே பக்கத்து வீட்டு மாரிக்கனி காரியாபட்டி போகும்போது இதை அங்கே போடுவாள். எனக்கு மெய்யாகவே முடியாமல் போனால் அவள்தான் உனக்கு எழுதுவாள், வேறு யார் எழுதினாலும் நம்பாதே.

மீனாட்சி துணையிருப்பாள், நீ நன்றாக இருக்கவேண்டும். மோர் குடி. தந்தி வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள், பெட்டி கட்டாதே.

நல்ல சுகத்தோடு இருக்கும்
உன் அம்மா
சண்முகவடிவு