அந்தக் கூம்பை அடைத்தது நான்தான்

அன்புத் தங்கை ஷமீமுக்கு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது ஊரறிய எழுதுகிறேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

அடி அண்ணாமலைப் பள்ளியில் நாம் கட்டிய பெரிய கூடத்தைப் பற்றித்தான். நம் இரண்டு பேர் கட்டட வடிவமைப்பு அலுவலகத்துக்கு வந்த முதல் பெரிய வேலை அது. வெயிலிலும் தானாகவே குளிர்ந்திருக்கும் கூடமாகக் கட்டலாம் என்றாய். அதற்காகக் கரம்புக் காட்டில் கறையான் புற்றுகளைப் பார்த்துக்கொண்டு நாள் கணக்கில் திரிந்தாய். மழையில் ஒரு பக்கம் சரிந்த புற்றின் அடித்துளையில் ஊதுபத்தியைக் காட்டினாய். புகை உள்ளே போய் உச்சியில் வந்தது.

"பாத்தீங்களாண்ணா, மூச்சு விடுது."

மஞ்சள் பூசியிருந்த புற்றுகளின் பக்கம் மட்டும் நீ போகவில்லை. "அது அவங்க சாமி. நாம கை வைக்கக் கூடாது" என்றாய்.

புற்று மாதிரியே கூடத்தை வரைந்தாய். குளிர்ந்த காற்று நுழைய வடக்குச் சுவரின் அடியில் துளைகள். சூடான காற்று வெளியேறக் கூரைக்கு மேலே உயரமான செங்கல் கூம்பு.

திறப்பு விழாவுக்கு நான்கு நாள் முன்னால் நீ வேலூருக்கு மருத்துவப் பரிசோதனைக்குப் போயிருந்தாய். பள்ளித் தாளாளர் என்னைக் கூப்பிட்டார்.

"கூம்புக்குள்ள புறா எறங்குது சார். விழா அன்னைக்கு யார் தலையிலயாவது எச்சம் விழுந்தா அசிங்கமா போயிடும்."

வலை அடித்திருந்தால் போதும். அவசரத்தில் மேஸ்திரியிடம் சொல்லிக் கூம்பின் உள்ளே பலகை வைத்து சிமெண்டு பூசி அடைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, உள்ளே இருட்டில் கீழிருந்து பார்த்தாலும் தெரியாது. விழா முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றிருந்தேன். பிறகு மறந்தே போனேன்.

சித்திரை வெயிலில் ஒரு சிறுமி கூடத்தில் மயங்கி விழுந்த அன்றுதான் நினைவு வந்தது. "யார் ஐடியா சார் இது?" என்று தாளாளர் கேட்டார். நீ சுவரோரம் குனிந்து ஊதுபத்தியைக் காட்டினாய். புகை ஏறவே இல்லை.

"கூம்போட அகலம் பத்தல போல. அண்ணா மேல தப்பு இல்லைங்க, என் கணக்குதான் தப்பு" என்று அவரிடம் சொன்னாய். நான் உன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

கூடத்துக்கு ஏசி வந்தது. அதன் பிறகு நீ புற்றைப் பற்றிப் பேசியதில்லை. ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே எத்தனை முறை உட்கார்ந்தேன்? ஒவ்வொரு முறையும் அடுத்த முறை சொல்லலாம் என்று எழுந்து வந்தேன். என் முகத்தில் உனக்கு ஒன்றும் தெரியவில்லையா?

போன மாதம் ஏசி பழுதானது. நானே ஆளோடு மேலே ஏறி அடைப்பை உடைத்தேன். ஒரு வாரம் கழித்துத் தலைமையாசிரியை போன் செய்தார்.

"இப்ப ஜில்லுனு இருக்கு சார். ஃபேன் கூட ஜாஸ்தி போடறதில்ல. உங்க மூளையே மூளை."

"தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டேன், ஷமீம். திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல எனக்கு அரை நாள் பிடித்தது.

அன்று சாயங்காலமே உன் வீட்டுக்குப் போனேன். உன் கணவர் அன்வர் முழுவதும் கேட்டார். சத்தம் போடவில்லை.

"கடைசி வாரம் கூட நோட்டு கேட்டா. அகலம் எங்க கம்மியாச்சுனு கணக்கு போட்டுப் போட்டுப் பாத்துட்டிருந்தா. ரெஸ்ட் எடுனு நான்தான் புடுங்கி வெச்சேன்." நான் எழுந்தபோது, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணா" என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. தாளாளரிடமும் ஆசிரியர்களிடமும் சொல்லிவிட்டேன். மயங்கி விழுந்த அந்தச் சிறுமியின் வீட்டு வாசலை மட்டும் இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறேன், உள்ளே போகவில்லை. நாளைக் காலை கதவைத் தட்டுவேன். அவள் அம்மாவிடம் என் பெயரைத்தான் சொல்வேன்.

நீ அண்ணா என்று கூப்பிட்டும் அண்ணனாக நடந்துகொள்ளாத,
முருகேசன்