புது வெர்ஷன் போட்ட ஒன்பது நாள்

செப். 18, வியாழன்

காலையிலேயே வெயில் ஜாஸ்தி. கடையில் இரண்டு போனுக்கு டிஸ்ப்ளே மாற்றினேன், ஒன்றுக்குச் சார்ஜிங் பின்.

போனுக்குப் புது வெர்ஷன் இன்று வந்துவிட்டது. மதியம் வேங்கிக்காலிலிருந்து கஸ்தூரி வந்தாள். பார்வை கிடையாது அவளுக்கு. போன் வாய்விட்டுப் படிக்கும். அதைக் கேட்டுத்தான் எல்லாம். புது வெர்ஷனில் தமிழ்க் குரல் நன்றாக இருக்கிறதாம்.

"இப்பவே போட்லாமா மலரக்கா?"

"போட்லாமே. நானே போட்டுத் தர்றேன்."

குரலைக் கேட்டதும் சிரித்தாள். எனக்கும் பெருமை.

செப். 22, திங்கள்

மேகம். மலை உச்சி தெரியவில்லை.

க. மறுபடி வந்தாள். "போன் வந்தா ரிங் மட்டும்தான் அடிக்குது. யாருன்னு சொல்ல மாட்டேங்குது. தட்டினாலும் எடுக்க மாட்டேங்குது. நேத்து சாயங்காலம் வீட்டுக்காரரும் இல்ல, நிறைய வாட்டி அடிச்சுது."

வாங்கிப் பார்த்தேன். பத்து நிமிஷத்துக்குள் மூன்று மிஸ்டு கால். மூன்றும் ஒரே பெயர்: அப்பா.

படித்துச் சொன்னேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். சாதி விட்டுக் கல்யாணம் செய்ததிலிருந்து, ஆறு வருஷமாக, கீழ்பென்னாத்தூர் அப்பா அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

கடையிலிருந்தே திருப்பிக் கூப்பிட்டாள். எடுத்தது தம்பி. ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அப்பா பேச மாட்டேன்றாருக்கா. 'மூணு வாட்டி போட்டேன், அவ வேணும்னே எடுக்கல'ன்றாரு."

"போன்ல கோளாறுடா."

"சொன்னேன்கா. நம்ப மாட்டேன்றாரு."

செப். 23, செவ்வாய்

நெட்டில் தேடினேன். இதே புகார் நிறைய. வெர்ஷனுக்கு முதல் திருத்தம் நேற்றே வந்திருக்கிறது: கேமரா, பேட்டரிக் கோளாறுகளுக்கு. இந்தக் கோளாறு அதில் இல்லை. பழைய வெர்ஷனுக்குப் போனால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும். க. வேண்டாம் என்றாள்.

ஆசிரமம் பக்கம் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் புது வெர்ஷன் போடலாமா என்று கேட்டால் எப்போதும் ஒன்றே சொல்வேன், இரண்டு வாரம் பொறுங்கள் என்று. இவளிடம் ஏன் சொல்லவில்லை?

அரிசி மாவு, டார்ச் செல் வாங்க மறந்தாயிற்று.

செப். 27, சனி

திருத்தம் வந்தது. போட்டு ஒன்பதாம் நாள். அழைப்பு வரும்போது குரல் நின்றுபோவது சரிசெய்யப்பட்டதாம். குறிப்பில் ஒரே வரி.

க.வை வரச்சொல்லி ஏற்றினேன். என் போனிலிருந்து கூப்பிட்டேன். பெயர் சொன்னது, எடுக்கவும் முடிந்தது.

"சீக்கிரமே சரி பண்ணிட்டாங்கல்லக்கா?"

தலையாட்டினேன். அவளுக்கு அது தெரியாது என்று பிறகுதான் உறைத்தது. "ஆமா" என்றேன்.

செப். 29, திங்கள்

கடை அரை நாள் மூடல். கீழ்பென்னாத்தூர் பஸ். யாரிடமும் சொல்லவில்லை.

கஸ்தூரியின் அப்பா களத்தில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். "அந்த வெர்ஷன போட்டது நான்தாங்க. அவ மேல தப்பே இல்ல."

கடலையைக் கிளறிக்கொண்டே, "இப்ப சரியாய்டுச்சா?"

"ஆய்டுச்சுங்க. ஒம்பது நாள்ல சரி பண்ணிட்டாங்க."

நிமிர்ந்தார். "அந்த நம்பர போட எனக்கு ஆறு வருஷம் ஆச்சும்மா."

என் போனில் கஸ்தூரியின் நம்பரை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. "இன்னொரு நாள் பாக்கலாம். தண்ணி குடிச்சிட்டுப் போ."

குடித்தேன். பஸ்ஸில் உட்கார இடம் இல்லை.

அக். 1, புதன்

தூறல். மூன்று பேட்டரி.

க. கூப்பிட்டாள். "இப்ப நல்லா பேசுதுக்கா. யார் போட்டாலும் பேர் சொல்லுது."

திங்கட்கிழமை எங்கே போனேன் என்று சொல்லவில்லை.