சாவி நகரத்தில், புகை எங்கள் மண்டபத்தில்

அனுப்புநர்
மெரானியா கரைதியானா,
சமையற்கூடப் பொறுப்பாளர்,
வைபூனா மராய், ஆற்றுச் சாலை.

பெறுநர்
தலைமை ஆய்வாளர் அவர்கள்,
கட்டடப் பாதுகாப்புப் பிரிவு,
மாவட்ட மன்றம்.

பொருள்: எச்சரிக்கைக் கருவி அலறியதும் எரிவாயுவையும் மின்சாரத்தையும் நிறுத்தும் பெட்டியின் சாவியைக் கேட்டும், மண்டபத்தில் உறங்க விதித்த தடையை நீக்கக் கோரியும்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. சென்ற ஆண்டு தங்கள் அலுவலகம், எங்கள் மாவோரிக் குலத்தார் கூடும் பொது இடமான மராயின் மண்டபத்தில் ஒரு பெட்டியைப் பொருத்தியது. புகைக் கருவியோ எரிவாயுக் கருவியோ அலறினால் அது அடுப்புக்கு வரும் வாயுவை அடைக்கும். சார்ஜர் செருகிய பிளக்குகள் வரை மின்சாரத்தை நிறுத்தும். நல்ல ஏற்பாடுதான். கோடையில் அடுப்புக் குழாய் கசிந்தபோது எங்களைக் காப்பாற்றியதும் அதுவே. ஆனால் நின்றதை மீண்டும் இயக்கும் சாவி நகரத்தில், தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

2. நாங்கள் விருந்தினருக்கு ஹாங்கி சமைப்பவர்கள். இறைச்சியையும் கிழங்கையும் சுட்ட கற்களோடு மண்ணில் புதைத்து வேகவைத்த குழியைத் திறந்தால் புகையும் ஆவியும் கிளம்பத்தான் செய்யும். மாமா இறந்த துக்கத்தன்று காற்று மண்டபப் பக்கம் திரும்ப, பெட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. அழுதுகொண்டு வந்தவர்களுக்கு ஒரு வாய் தேநீர் கொடுக்க முடியாமல் வாசலில் நின்றேன். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

3. அடுத்த விருந்தின்போது என் சித்தப்பா மகன் ஹோனே தன் ரக்பி அணியின் கம்பளிக் குல்லாயைப் புகைக் கருவிக்கு மாட்டிவிட்டான். தவறுதான். அதைக் கண்ட தங்கள் ஆய்வாளர் திரு. கெயித் பெல்ச்சர், மண்டபத்தில் இனி எவரும் இரவில் உறங்கக் கூடாது என்று ஆணை ஒட்டிச் சென்றார். குல்லாய் மாட்டியவன் நன்றாக இருக்கிறான், தண்டனை இறந்தவர்களுக்கு.

4. எங்களில் இறந்தவரை அந்த மண்டபத்தில்தான் கிடத்துவோம். அடக்கம் செய்யும்வரை உடலை நாங்கள் தனியே விடுவதில்லை. பக்கத்திலேயே மெத்தை விரித்துப் படுப்போம். என் தம்பி ராவிரியை இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. "அக்கா, அங்க என்னைத் தனியாப் போட்டுட்டு வந்துராதீங்க" என்கிறான். விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

5. சென்ற சனிக்கிழமை மறு ஆய்வுக்கு வந்த திரு. பெல்ச்சர், தம் மின்சாரக் காரை எங்கள் பிளக்கில் சார்ஜுக்குப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். குழியைத் திறந்தோம். குல்லாய் இல்லாத கருவி அலறியது. அடுப்பு அணைந்தது, நகரம் திரும்பும் அளவு சார்ஜ் ஏறுமுன்பே காரின் சார்ஜரும் அணைந்தது.

"சாவி எங்க சார்?" என்று ஹோனே கேட்டான்.

"ஆபீஸ்லதான்... திங்கக்கிழமை திறப்பாங்க."

"இப்பப் புரியுதா சார் எங்க பாடு?"

தன் லாரியில் கொண்டுபோய் விடுவதாகவும் ஹோனே சொன்னான். இருக்கையை அடைத்து உட்கார்ந்திருந்த ஆடு மேய்க்கும் நாய்களைப் பார்த்ததும் அவர் மறுத்துவிட்டார்.

6. எனவே தங்கள் ஆய்வாளர் தாமே தடைசெய்த மண்டபத்தில் படுத்தார். குறட்டையில் ஹோனேயைத் தோற்கடித்தார் என்பதை மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறேன். அன்று எங்களோடு இருந்த ராவிரிக்கு அவருக்கு அடுத்த மெத்தை. இருவரும் என்ன பேசினார்களோ தெரியாது. காலையில் அவர் என்னிடம் வந்து, "தடைய எடுக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. மேடத்துக்கு எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

7. ஆகவே, சாவி ஒன்றை எங்களிடம் தரவும், புகைக் கருவியைக் குழிப்பக்கக் கதவிலிருந்து தள்ளிப் பொருத்தவும், தடையை நீக்கவும் வேண்டுகிறேன். கருவிக்கு இனி எவரும் குல்லாய் மாட்டமாட்டார்கள். அதற்கு நான் பொறுப்பு. என் தம்பி போவதற்கு அவசரப்படவில்லை. தாங்கள் சற்று அவசரப்பட வேண்டும்.

இடம்: வைபூனா
நாள்: 14.5.2024

இப்படிக்கு,
மெரானியா கரைதியானா

சாட்சி:
கெயித் பெல்ச்சர், ஆய்வாளர். மேற்படி மண்டபத்தில் உறங்கினேன். யாரும் என்னைத் தனியே விடவில்லை.