சீனிக்கிழங்கில் உங்கள் சட்டை வாசம்

கிழங்கு வெந்த பானையின் மூடியைத் திறந்ததும் உங்கள் சட்டை வாசம் அடித்தது. பருத்திக்குப் பூச்சிமருந்துப் பவுடர் தூவிவிட்டு வரும் நாளில், எத்தனை முறை துவைத்தாலும் போகாத அந்தப் பூசண நாற்றம். நீங்கள் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. அடுப்படியிலேயே கண்ணை மூடி நின்றுவிட்டேன். சிரிக்காதீர்கள். நாற்றம்தான், ஆனாலும் விட மனம் வரவில்லை.

நம் மகள் செல்வி மாசமாக இருக்கிறாள் என்று ராஜபாளையத்திலிருந்து சேதி வந்த வாரமே மோட்டார் ரூம் மூலையில் சீனிக்கிழங்குக் கொடி நட்டேன். பிரசவத்துக்கு வரும்போது ஆசையாகத் தின்னட்டும் என்றுதான். வந்தவள் ஒன்றை எடுத்து உரிக்கப் போனாள். தட்டோடு பிடுங்கிவிட்டேன்.

அந்த மூலை மண்ணையும் மற்ற இடத்து மண்ணையும் கிழங்கையும் தனித்தனிப் பையில் கட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் வேளாண் அதிகாரியிடம் கொடுத்தேன். வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பழைய பவுடர்தாம்மா. தடை பண்ணியே வருசக்கணக்காச்சு. கரிசல் மண்ணு இறுக்கிப் பிடிச்சு வச்சிருக்கு. கிழங்குல ஏறிரும்."

"இன்னும் எம்புட்டு நாளைக்கு இருக்கும்?"

"பேரப்பிள்ள வளந்த பொறவும் கொஞ்சம் கெடக்கும். மத்த எடத்துல கம்மிதான். அந்த மூலையில என்னம்மா செஞ்சிய?"

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துகொண்டேன்.

அங்கேதானே பவுடர் தகரத்தைக் கழுவுவீர்கள், சாக்கை உதறுவீர்கள், குளிப்பீர்கள். "பிள்ளை தவழுத வீடு ஏட்டி, அங்கன ஒரு சொட்டு விழக்கூடாது. மண்ணுன்னா எல்லாத்தையும் தின்னுரும்" என்பீர்கள். குளித்துவிட்டு வந்தும் செல்வியைத் தூக்கமாட்டீர்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, "மொகத்த மட்டும் காட்டு" என்பீர்கள். அவள் உங்களிடம் தாவி அழுவாள். "நாளைக்குத் தூக்குதேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வீர்கள்.

மண் தின்னவில்லை. வீட்டுக்குள் வராமல் நீங்கள் தடுத்ததெல்லாம் அந்த மூலையில் அப்படியே இருக்கிறது. உங்களோடு ஒரு பாட்டம் சண்டை போட வேண்டும் போலிருந்தது. அதற்கும் நீங்கள் இல்லை.

நேற்று கொடியை எல்லாம் பிடுங்கி அங்கேயே குழியில் புதைத்து, சுற்றிலும் முள் அடைத்தேன். கடைசிக் கொடியோடு வந்த மண்ணை மூக்கருகே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். தப்புதான். உங்களை வேறு எங்கே போய்த் தேடுவேன்?

குளித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உதைக்குதும்மா, ஓடி வா, கை வச்சுப் பாரு."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

"நாளைக்கு" என்றேன்.