சுவரைப் பார்த்து நில்

பிப்ரவரி 3
கல்லூரிப் பெண்கள் டென்னிஸ் அணிக்கு மகள்தான் கேப்டன். இன்று வெற்றிக் களிப்போடு வந்தாள். "பசங்க டீமுக்கு இருக்கறது எல்லாமே இனிமே எங்களுக்கும் உண்டுப்பா. கோச் ஒத்துக்கிட்டார்!" அக்கல்லூரியின் சட்ட ஆலோசகன் நான். 'எல்லாமே' என்ற சொல்லை எந்த ஒப்பந்தத்திலும் அனுமதித்ததில்லை என்றேன். "வீட்டுக்குள்ளயும் கறுப்புக் கோட்டைக் கழட்ட மாட்டாரு" என்றாள் மனைவி.

பிப்ரவரி 19
பெண்கள் அணியில் ஒரு மாணவிக்குக் கண்ணில் பந்து. விழித்திரை கிழிந்துவிட்டது. பார்வை திரும்பாதாம். விசாரணையை முதல்வர் என்னிடம் ஒப்படைத்தார்.

பிப்ரவரி 20
மைதானத்திற்குச் சென்றேன். ஆண்கள் அணியில் நெடுநாள் வழக்கமாம்: பயிற்சி ஆட்டத்தில் தோற்றவர் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும், வென்றவர் முழு வேகத்தில் அவர் முதுகில் சர்வ் அடிப்பார். அசைந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒருவன் சட்டையைத் தூக்கிக் காட்டினான். முதுகெங்கும் பந்தளவு கன்றல்கள். ஊதா, மஞ்சள், கறுப்பு. பதக்கம் காட்டுவது போலக் காட்டினான்.

"பொண்ணுங்களே வந்து கேட்டாங்க சார், நாங்க மட்டும் பூஞ்சையான்னு" என்றார் பயிற்சியாளர்.

அடித்தது யார் என்று கேட்டேன். பெண்கள் அனைவரும் தரையைப் பார்த்தனர். ஒருத்தி கூட ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை?

பிப்ரவரி 21
தெரிந்துவிட்டது.

சோற்றில் கை வைத்தபடியே மகள் சொன்னாள். "நான்தான்பா. மொத அடி முதுகுல பட்டதும் அவ திரும்பி, 'அவ்வளவுதானா கேப்டன், சாப்பிடலையா?'ன்னு சிரிச்சா."

தகப்பனாக எதையாவது கேட்டிருக்கலாம். நான் கேட்டது இது: அவள் திரும்பியது பந்து மட்டையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பா, பின்பா?

"முன்னாடி. மூஞ்சி தெரிஞ்சுது. அப்புறம்தான் அடிச்சேன்."

மனைவி பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். "'பின்னாடி'ன்னு எழுதிடுங்க. ஒரு வார்த்தைதானே? ஊருக்கெல்லாம் சட்டம் பேசுங்க, பெத்த பொண்ணுக்குமா?"

ஒரு வார்த்தைதான். ஒரு கண்தானே என்று அந்த மாணவியின் தாயிடம் போய்ச் சொல்ல முடியுமா? — ஐயோ, என்ன செய்யப் போறேன்.

பிப்ரவரி 24
விசாரணையிலிருந்து விலகினேன். மகள் சொன்னதைச் சாட்சியாகக் கொடுத்தேன். 'முன்பு' என்றே.

மாலையில் மகளை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். மாணவியின் தாய் அவளை அறைந்தார். தோடு தெறித்துக் கட்டிலடியில் விழுந்தது. இரண்டாம் அறைக்கும் மகள் முகத்தை விலக்கவில்லை. நான் தடுக்கவில்லை.

மார்ச் 10
பயிற்சியாளர் நீக்கம். மகளும் நீக்கம். மனைவி என்னோடு பேசுவதில்லை.

ஏப்ரல் 11
அணியின் மட்டைகளைத் திருப்பிக் கொடுக்கச் சென்றோம். அந்த மாணவி மைதானத்தில் இருந்தாள், கண்ணில் கட்டோடு. என் மகளைப் பார்த்ததும் ஒரே சொல்: "நில்லு."

மகள் சுவரருகே போனாள். முதுகைக் காட்டவில்லை. திரும்பி, முகத்தைக் காட்டி நின்றாள்.

வேலிக் கம்பியைப் பிடித்திருந்தேன். குரல் எழுப்பும் உரிமை எனக்கு உண்டா?

மாணவி ஒரு மட்டையை எடுத்தாள், பந்தை மேலே எறிந்து வீசினாள். மட்டை காற்றை வெட்டியது. பந்து அவள் காலடியிலேயே விழுந்தது. மறுபடி வீசினாள். ஒற்றைக் கண்ணுக்குப் பந்தின் தூரம் பிடிபடவில்லை. "ச்சீ!" என்று கத்திக்கொண்டு மறுபடி, மறுபடி.

ஒரு பந்தும் மேலே படாமலே என் மகள் சுவரோரம் மடங்கி விழுந்தாள்.