கிடைத்ததென்று ஒரு வரி

நவ. 4, திங்கள்

காலையிலிருந்து மழை. ஆயர் குரோ சாலையில் நெரிசல். குடை காரிலேயே. நூலகத்துக்குள் நனைந்தபடி.

சுற்றறிக்கை: கல்லூரியின் பழைய மெயில் சர்வர் வெள்ளி மாலை ஐந்துக்கு நிறுத்தப்படும். வேண்டியதை எடுத்துக்கொள்ளவும். அதன்பின் எதுவும் கிடைக்காது. மூன்று மாதம் முன்பே சொன்னார்களாம். சொல்லியிருப்பார்கள்.

கணினிப் பிரிவுத் தவமணி நேரில் வந்தாள். எழுத்து மட்டுமே ஓடும் என் கறுப்பு மெயில் திரையைப் பார்த்து வழக்கமான சிரிப்பு.

"அக்கா, மௌஸ்னு ஒன்னு கண்டுபிடிச்சிட்டாங்க லா. தெரியுமா?"

"எனக்கு இன்னும் தகவல் வரல."

"முழு காலேஜ்லயும் இதை வச்சிருக்கிறது நீங்க ஒரு ஆள்தான். உங்களுக்காகத்தான் வெள்ளி வரைக்கும் ஓடுது."

பெருமையா, திட்டா, தெரியவில்லை. பத்தொன்பது வருடம். பதினாறாயிரத்துச் சொச்சம் கடிதம். j கீழே, k மேலே. விரல்கள் தாமாகப் போகும். மௌஸ் பிடித்தால் எனக்குத் தோள் வலிக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டாள்.

எடுக்க வேண்டியவை:
– நூல் பட்டியல் தகராறு (முழுவதும்)
– பணி உயர்வுக் கடிதங்கள்
– அப்பா

மூன்றாவதை எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன்.

வீட்டில் தீபாவளி முறுக்கு நமத்துப்போயிருந்தது. ஆனாலும் நான்கு.

நவ. 5, செவ்வாய்

வெயில். நூல் பட்டியல் தகராறுக் கடிதங்களை எடுத்து முடித்தேன். அதில் நான்தான் சரி. இப்போதும்.

பிறகு அப்பா. l அழுத்தினால் திரையின் அடியில் ஒரு கேள்வி: எவற்றை மட்டும் காட்ட? ~f என்று போட்டு ஆளின் பெயரை அடித்தால் அவர் அனுப்பியவை மட்டும் நிற்கும். மற்றவை மறையும். அழியாது, மறையும். இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

அறுபத்து நான்கு கடிதம். ஆங்கில எழுத்தில் தமிழ். ஒன்றுக்கும் தலைப்பு கிடையாது. எல்லாம் நேரம் குறித்துத் தொடங்கும். "0915 hrs. பிள்ளைக்கு. மழை இல்லை. கொய்யா பிஞ்சு விட்டிருக்கிறது." அவ்வளவுதான். புலாவ் செபாங் ரயில் ஸ்டேஷனில் முப்பத்தோரு வருடம் வேலை. ஓய்வு பெற்றும் கை மாறவில்லை.

சிறு வயதில் குசினிக் கதவில் துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கும். "1630 hrs. கடைக்குப் போகிறேன். சோறு மூடி இருக்கிறது." நானும் தம்பி ரவியும் அதன் கீழே நேரம் போட்டுக் "கிடைத்தது" என்று எழுத வேண்டும். எழுதாமல் சாப்பிட்டால் திட்டு. ரவி ஏழு வயதில் ஒருநாள் "2500 hrs. கிடைத்தது" என்று எழுதினான். அப்பா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசிப்பதுபோல் நின்றார்.

"தம்பி, அந்த நேரத்துக்கு எங்கட ஸ்டேஷன்ல வண்டி ஒன்டும் இல்லையே."

நான் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ரவி அழுதான்.

அறுபத்து நான்கில் கடைசிக் கடிதம், அப்பா இறப்பதற்கு இரண்டு மாதம் முந்தியது. அதன்பின் எதுவும் இல்லை. ஆக நான் சொன்னது சரி.

எழுதிவைக்கிறேன், இனி யார் கேட்கப்போகிறார்கள். அப்பா வியாழன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார், வெள்ளி மாலை போய்விட்டார். எனக்குப் போன் வந்தது வெள்ளி மாலைக்குப் பிறகு. செத்தவீட்டில், வாசலில், எல்லோரும் பார்க்க ரவி கேட்டான்:

"அக்காவுக்கு எழுதிட்டேன், நீ போன் அடிக்காதேன்னு அப்பா சொன்னார். அப்படியும் நீ வரலை. ஒரு வரி பதில்கூட போடலை. அவ்வளவு பிசியா நீ?"

"எனக்கு ஒன்னும் வரல."

"அப்ப அப்பா பொய் சொன்னாரா?"

ஒன்பது வருடம். அவன் சுங்கை ஊடாங்கில், நான் இங்கே. நடுவில் அரை மணி நேரச் சாலை. தீபாவளிக்கு வாட்ஸ்அப்பில் விளக்குப் படம். பொங்கலுக்குப் பானைப் படம்.

வரவில்லை என்று இன்று நிரூபணமானது. அதில் ஒரு ருசியும் இல்லை.

நவ. 6, புதன்

மேகமூட்டம். கடைவாய்ப் பல் வலி. கேண்டீனில் மீகூன் நூடுல்ஸ் மட்டும்.

பக்கத்து மேசையில் தவமணி போனில், அவள் அம்மாவிடம். "ம்மா, திரும்பவும் பாஸ்வர்ட் மறந்துட்டீங்களா? சரி, தம்பி மெயில்லேர்ந்து அனுப்புனா உங்க பேர்ல தேடுற எனக்கு எப்படிம்மா கிடைக்கும்? நான் என்ன சாமியாரா?"

பாதி மீகூனை வைத்துவிட்டு எழுந்தேன்.

அப்பாவும் பாஸ்வர்ட் மறப்பார். இரண்டு முறை நான்தான் மாற்றிக்கொடுத்தேன். மூன்றாவது முறை என்னிடம் கேட்டிருக்கமாட்டார். வெட்கம்.

இடத்தில் வந்து உட்கார்ந்தேன். மூன்று மணிக் கூட்டம் ஆறு வரை இழுத்தது. நடுவில் எழ முடியவில்லை. எழ முடியாததில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

நவ. 7, வியாழன்

மறுபடி மழை.

ஆள் பெயரில் தேடுவது வீண். உள்ளே இருக்கும் சொல்லில் தேடுவதற்கு ~b. எந்தச் சொல்? யோசிக்கவே வேண்டியதில்லை. hrs.

முதலில் முதன்மைப் பெட்டியில். அதே அறுபத்து நான்குடன் ஒரு விமானப் பயண விவரம்.

பிறகு ஞாபகம் வந்தது. குப்பைக் கடிதங்கள் மலையாகக் குவிந்த வருடம் நானே ஒரு விதி எழுதினேன்: தெரியாத முகவரி, தலைப்பு இல்லை என்றால் தனிப் பெட்டிக்குப் போகட்டும். பெட்டிக்குப் பெயர் "பிறகு". பிறகு பார்க்கலாம் என்றுதான். ஒருநாளும் பார்க்கவில்லை. அப்பா பெயருக்கு மட்டும் விலக்கு வைத்திருந்தேன். பெயருக்கு.

c அழுத்திப் "பிறகு" பெட்டிக்குப் போனேன். நாலாயிரம் கடிதம். l. ~b hrs.

நான்கு நின்றன. நான்கும் ஒரே முகவரியிலிருந்து. புலாவ் செபாங் ஸ்டேஷன் எதிரே இருந்த போட்டோஸ்டாட் கடை. இப்போது அங்கே பபிள் டீ விற்கிறார்கள்.

நான்கின் பக்கத்திலும் இன்னும் திறக்காததற்கான அடையாளம். கடைசியின் தேதி, அப்பா ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய செவ்வாய்.

முதல் மூன்றைத் திறந்தேன். கொய்யா. முழங்கால். கூட்ஸ் வண்டி நாற்பது நிமிடம் தாமதம்.

நான்காவதன்மேல் திரையின் ஒளிப்பட்டை நின்றது. Enter ஒன்றுதான் பாக்கி. ரவி சொன்னது சரியாக இருந்தால்? வரச் சொல்லிக் கேட்டிருந்தால்?

q. வெளியே வந்துவிட்டேன்.

பல் டாக்டர் ஐந்தரைக்கு. நல்ல சாக்கு. வாய் மரத்திருக்கிறது.

நவ. 8, வெள்ளி

மழை விட்டது. காலையில் அறிக்கை, இரண்டு பேருக்கு நூல் தேடல், நாற்காலி மாற்றியது, மேசை துடைத்தது. துடைத்த மேசையை மறுபடி.

நாலு மணிக்குத் தவமணி எட்டிப்பார்த்தாள். "எல்லாம் எடுத்தாச்சாக்கா? அஞ்சுக்கு மேல கெஞ்சினாலும் முடியாது லா."

"ஒன்னு பாக்கி."

"ஒன்னுதானே? அதுக்கா இவ்வளவு மூஞ்சி?"

அவள் போனதும் திறந்தேன். தமிழ் எழுத்தில் இங்கே:

"1510 hrs. பிள்ளைக்கு. நல்ல மழை. வியாழன் ஆஸ்பத்திரியில் படுக்கச் சொல்கிறார்கள். சின்ன விஷயம். தம்பி பெரிதாக்குவான். உனக்கு எழுதிவிட்டேன், போன் அடிக்காதே என்று சொல்லியிருக்கிறேன். நீ லீவு போட்டு ஓடிவர வேண்டாம். நூலகத்தில் கணக்கெடுப்பு என்றாயே, முடித்துவிட்டு சனிக்கிழமை பஸ்ஸில் வா. வீட்டில் இருப்பேன். கிடைத்ததென்று ஒரு வரி போடு. அப்பா."

அவன் சொன்னதும் சரி. நான் சொன்னதும் சரி. அப்பா எழுதினார். வரச் சொல்லி அல்ல.

கடைசிக்கு முந்தின வரியைத் திரும்பத் திரும்ப. அந்தச் செவ்வாயும் புதனும் கடைக்குப் போய்ப் பதில் வந்ததா என்று பார்த்திருப்பார். அந்த முழங்காலோடு.

நேரம் 4.31. f அழுத்தி ரவிக்கு அனுப்பினேன். முதலில் மேலே ஆறு வரி விளக்கம்: விதி, பெட்டி, முகவரி. படித்துப்பார்த்தேன். நூல் பட்டியல் தகராறு மாதிரி இருந்தது. அழித்தேன். அப்பாவின் கடிதம் மட்டும் போனது.

4.40. எதுவும் இல்லை. ஷிஃப்டில் இருப்பான்.

4.48. எதுவும் இல்லை. கீழே நூலக மணி.

4.56. ஒன்று. அனுப்பியவர் ரவி. தலைப்பு இல்லை.

"2500 hrs. கிடைத்தது அக்கா."

பதில் எழுத r அழுத்தினேன். இரண்டு எழுத்து அடித்தேன். அழித்தேன். திரும்ப அடித்தேன். மணி ஐந்து. திரை நின்றுவிட்டது. எந்தச் சாவிக்கும் அசையவில்லை.

போனை எங்கே வைத்தேன்.